மடிக்க ஒரு இலை

அந்த இலைக்கட்டை மிதிச்சுராதீய தம்பி. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க. ஆங், அப்படித்தான். எல்லாம் நுனி இலை. விடியக்காலம் தோட்டத்துல நின்னு நானே பாத்துப் பாத்து வெட்டச் சொல்லி, ஈரச்சாக்குல சுத்தி எடுத்துட்டு வாரேன். அம்பது இலை. ஒண்ணுல கூட கிழிசல் கிடையாது.

கல்யாண வீடா? இல்ல தம்பி. எல்லாரும் அதத்தான் கேக்காவ. தென்காசியில ஏறும்போது கண்டக்டரும் அதத்தான் கேட்டாரு. என் வீட்டுக்காரி இலை கேட்டா, கொண்டு போறேன். கோயம்புத்தூர்ல மக வீட்டுல இருக்கா. இடுப்பெலும்பு முறிஞ்சு தகடு வச்சிருக்கு. மதுரையில இறங்கி பஸ் மாறிப் போயி, அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். ரெண்டு மாசம் ஆச்சு அவ முகத்தைப் பாத்து.

நீங்களும் மதுரைதானா? நல்லதாப் போச்சு. அப்ப இதைப் பிடிங்க. முந்திரிக்கொத்து. மகளுக்குன்னு கொண்டு போறது, டின்னு நிறைய இருக்கு. சும்மா எடுங்க. ஒண்ணு எடுத்தா எப்படி, கை நிறைய எடுங்க. சுகரா? அதுக்கென்ன, பாசிப்பயறுதான. ரெண்டா வச்சுக்கிடுங்க.

என் பேரு குத்தாலிங்கம். தென்காசியில வந்து பந்தி குத்தாலிங்கம் வீடு எதுன்னு கேட்டீயன்னா சின்னப்பிள்ளை கூட கொண்டாந்து விட்டுரும். சமையல்காரன்னு நினைச்சுராதீய. ஒரு ரசம் வைக்கத் தெரியாது எனக்கு. சமைச்சதை இலைக்குக் கொண்டு போய்ச் சேக்கதுதான் என் வேலை. பந்தி விசாரிக்கதும்பாவ. முப்பத்தொம்பது வருஷம் பாத்தேன். சாப்பாடு நல்லா இல்லன்னா ஜனங்க ரெண்டு நாள் பேசுவாவ, மறந்துருவாவ. பந்தியில சம்பந்தியைக் கவனிக்காம விட்டாச்சுன்னு வைங்க, பேரன் கல்யாணம் வரைக்கும் பேசுவாவ.

அந்தத் தொழில்ல முதல் பாடம் என்ன தெரியுமா? வாயால சொல்லுததை நம்பக் கூடாது. இலையில உக்காந்தவன் 'போதும்'பான். அது மரியாதைக்குச் சொல்லுதது. மறுபடியும் 'போதும் போதும்'பான். அது ஆசையில சொல்லுதது. அடுத்தால கையைக் குறுக்க நீட்டுவான். அங்கதான் கூர்ந்து பாக்கணும். விரலு விரிஞ்சிருந்தா வைக்கலாம்னு அர்த்தம். விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா நிசமாவே வேண்டாம். அப்பவும் அரைக் கரண்டி வைக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. ஆனா இலையை மடிச்சுட்டான்னா முடிஞ்சுது. மடிச்ச இலையில வைக்க ஆண்டவனுக்கே அதிகாரம் கிடையாது.

இப்ப நீங்க கையை நீட்டுதீயள்ளா, விரலு விரிஞ்சுதான் இருக்கு. இந்தாங்க, இன்னொண்ணு.

என் வீட்டுக்காரி பேரு உலகம்மா. உலகுன்னுதான் கூப்பிடுவேன். கட்டி முப்பத்தாறு வருஷம். கல்யாண வேலை இருக்க அன்னைக்கெல்லாம் மத்தியானம் நாலடுக்குத் தூக்கு நிறைய அவளுக்குக் கொண்டு வந்துருவேன். அவியல், இஞ்சிப் பச்சடி, பருப்பு, பாயசம். அவளை உக்கார வச்சு நானே பரிமாறுவேன். எந்த ஊருல தம்பி புருசன் பொண்டாட்டியை உக்கார வச்சுப் பரிமாறுதான்? 'போதும், எனக்கு ரெண்டு வாய் ரசஞ்சோறு இருந்தாப் போதும்'பா. அவ ரொம்ப மரியாதைக்காரி. நான் விடுவேனா? பாயசத்தைச் சாய்ச்சுருவேன். சில நாள் என் சைக்கிள் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போயி ஒளிஞ்சுக்கிடுவா. வயசானாலும் விளையாட்டுப்புத்தி போகல அவளுக்கு.

ஆவணி மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. ஆபரேசன். தகடு வச்சு, பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு அனுப்பினாவ. லேசான சாப்பாடு குடுங்கன்னாரு டாக்டர். டாக்டர்மாரு எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவாவ. ஆவணியோ நல்ல முகூர்த்த மாசம். நான் வேலைக்குப் போகாம இவ கூட இருக்கேன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு கல்யாண வீட்டுல இருந்தும் தூக்கு வருது. மறுவீட்டுச் சொதி வந்துச்சு. தேங்காய்ப்பால்ல செஞ்சது, உடம்புக்குத் தெம்பு. ஊட்டினேன். போதும்னா. நெய்யை விட்டு இன்னும் நாலு வாய் ஊட்டினேன்.

நாலாம் நாள் வயித்தால போக ஆரம்பிச்சுட்டு. எந்திரிக்க முடியாதவ. இடுப்பை அசைச்சா உயிர் போகுதும்பா. அப்படியே படுக்கையிலயே... சொல்லக் கூடாது தம்பி, நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீய. நான் ஒரு பக்கம் சேலையைத் தேடுதேன், ஒரு பக்கம் சுடுதண்ணி, ஒரு பக்கம் பாய். எது முதல்லன்னு தெரியல. ஆயிரம் பேருக்குப் பந்தி நடத்தினவன், ஒரு ஆளைப் பாத்துக்கிட முடியாம முழிச்சுக்கிட்டு நிக்கேன். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அழுதிருப்பான்னு நினைக்கேன்.

மக பகவதி கோயம்புத்தூர்ல இருந்து அன்னைக்கே காரைப் போட்டு வந்துட்டா. வீட்டைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா, அடுப்பு மேல அடுக்கியிருந்த தூக்கு அஞ்சையும் பாத்தா. 'எப்பா, நீங்க அம்மாவைப் பாத்துக்கிடலை. அம்மாவுக்குக் கல்யாணம் நடத்திக்கிட்டு இருக்கீய'ன்னு சொன்னா. கையோட கூட்டிட்டுப் போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு, 'நோயாளியைப் பாத்துக்கிட முறையா ஒரு படிப்பு இருக்கு. அதைப் படிச்சு சர்ட்டிபிகேட்டோட வாங்க. அம்மாவை அனுப்புதேன். இல்லன்னா அம்மா இனிமே எங்கிட்டதான்'னு சொல்லிட்டா. உலகு காருக்குள்ள இருந்தா. அந்தச் சமயத்துலயாவது ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன்.

அதுக்கப்புறம் வீட்டுல நான் ஒத்தையா. பரிமாறிப் பழகினவனுக்குத் தனியா உக்காந்து திங்கத் தெரியாது தம்பி. தட்டை வச்சுட்டு எதிர்த்தாப்புல பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் நானே எனக்கு 'இன்னும் கொஞ்சம்'னு சொல்லி வச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டுப் போனா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், படிச்சுருவோம்னு.

எங்க ஊருப் பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்கன முப்பது நாள் பயிற்சி குடுக்காவ. பதினோரு பொம்பளைப் பிள்ளையளும் நானும். சொல்லிக் குடுக்கது ஜெபக்கனி சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்சா இருந்து ரிட்டயர் ஆனவங்க. என்னைப் பாத்ததும், 'அண்ணாச்சி, யாரையாவது சேக்க வந்தீயளா, இல்ல நீங்களே சேர வந்தீயளா'ன்னு கேட்டாவ. படிக்க வந்தேன்னேன். சந்தோசப்பட்டாவ. அப்ப சந்தோசமாத்தான் இருந்தாவ.

முதல் நாளே போர்டுல மூணு வரி எழுதிப் போட்டாவ. 'கேட்டுத் தொடு. கேட்டுக் கொடு. வேண்டாம் என்றால் விடு.' நான் அதை நோட்டுல சிவப்பு மையில எழுதி, அடியில ரெட்டைக் கோடு போட்டேன். என் கையெழுத்து மாதிரி அந்த வகுப்புல யாருக்கும் கிடையாது.

மத்த வேலையில எல்லாம் நான்தான் தம்பி முதலு. கட்டில்ல ஆளு படுத்திருக்கும்போதே விரிப்பு மாத்தணும். அந்தப் பிள்ளையள் அரைமணி நேரம் மல்லாடுதுவ. நான் முப்பத்தொம்பது வருஷம் மேசை மேல பேப்பர் உருட்டி விரிச்சவன். ஒரே உருட்டு. ஒரு சுருக்கம் இல்ல. படுத்திருந்த ஆளைத்தான் கொஞ்சம் உருட்டிட்டேன், அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பிடிச்சுக்கிட்டா. ஆளைத் தூக்கி உக்கார வைக்கதுக்கு முட்டியை மடக்கி இடுப்பு வளையாமத் தூக்கணும்னு சொல்லிக் குடுத்தாவ. சாம்பார் அண்டா தூக்கினவனுக்கு இதச் சொல்லணுமா? 'ஓரம், ஓரம், சூடு, சூடு'ன்னு வாய் தன்னால கத்திட்டு. அதுக்கு மட்டும் சிஸ்டர் ஒரு மாதிரியாப் பாத்தாவ.

ஊட்டப் பழகுததுக்கு ஒரு பொம்மை வச்சிருந்தாவ. ஆள் உசரம், வாய் திறந்தாப்புல இருக்கும். பிள்ளையள் அதுக்குத் தாத்தான்னு பேரு வச்சிருந்துதுவ. தலையை லேசாக் குனிய வைக்கணும், சின்ன ஸ்பூன் எடுக்கணும், முழுங்குததுக்கு நேரம் குடுக்கணும். எல்லாம் வெறும் ஸ்பூன்லதான். எனக்கு மனசு ஒப்பல தம்பி. வெறும் கரண்டியைக் கொண்டு போயி ஒருத்தர் வாயில வைக்கது என் தொழிலுக்கே கேவலம். மறுநாள் கோயில்ல வாங்கின சக்கரைப் பொங்கலை ஒரு டப்பாவுல கொண்டு போயி, யாரும் இல்லாத நேரமாப் பாத்துத் தாத்தாவுக்கு ஊட்டிட்டேன். நல்லா வாங்கிச்சு. எவ்வளவு வச்சாலும் வேண்டாம்னு சொல்லல. அப்படி ஒரு ஆளு என் சர்வீசுல கிடைச்சது இல்ல.

மூணாம் நாள் தாத்தா காதுல இருந்து எறும்பு சாரை சாரையாப் போகுது. நெய் வாசனை வேற. யாரு பாத்த வேலைன்னு சிஸ்டர் கேட்டாவ. நான்தான்னு எந்திரிச்சு நின்னேன், ஒளிக்கதுக்கு என்ன இருக்கு. சிஸ்டர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னாவ. ஜெபம் பண்ணுதவங்கள்ளா. எனக்காக ஜெபிச்சிருப்பாவ.

சாப்பிடாம வச்சிருக்கீய தம்பி. கைக்குட்டையில மடிச்சு வச்சா ஆச்சா? சரி, மெதுவாச் சாப்பிடுங்க. இது என்ன ஊரு, ராஜபாளையமா? இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துரும். பால்கோவா வாங்குதேன்.

ரெண்டாவது வாரத்துல இருந்து இல்லத்துல இருக்க பெரியவங்களை எங்க கையில குடுத்தாவ. காலையில மாத்திரை குடுக்கது என் முறை. தட்டுல பேரு எழுதி வச்சிருப்பாவ, அந்தந்தக் கட்டிலுக்கு அதது. வரிசையாப் போனேன். 'பிரசர் மாத்திரை வருது, சுகர் மாத்திரை வருது'ன்னு குரல் குடுத்துக்கிட்டே ஒரு மாத்திரை கீழ சிந்தாமப் போறேன். எல்லாரும் எந்திரிச்சு உக்காந்துட்டாவ. ஒரு ஆச்சி கையை நீட்டிச்சு. மாத்திரையை வச்சேன். 'இன்னொண்ணு வைக்கட்டா'ன்னு கேட்டுட்டேன். அந்த ஆச்சியும் 'வையி'ன்னுட்டு. சிஸ்டர் அந்தக் கோடியில இருந்து ஓடி வந்தது பாருங்க, அறுபது வயசு மாதிரியே இல்ல. தட்டைப் பிடுங்கிட்டாவ. அதுக்கப்புறம் நான் மாத்திரை பக்கமே போகல. ஒரு மாத்திரையும் கூடுதலாப் போகலை, பயப்படாதீய. வாய்தான் தவறிட்டு.

எனக்குன்னு ஒதுக்கின ஆளு ஆவுடையப்பன் சாரு. ரிஜிஸ்திரார் ஆபீசுல பத்திரம் பதிஞ்சு ரிட்டயர் ஆனவரு. எண்பத்தி நாலு வயசு. ரெண்டு கையும் நடுங்கும், சோத்தை எடுத்தா வாய்க்கு வரதுக்குள்ள நெஞ்சுல கொட்டிரும். அதனால ஊட்டணும். மனுசன் வாய் மட்டும் நடுங்காது. முதல் நாள் குழைய வடிச்ச பருப்புச்சோறு ஊட்டினேன். ஆறு வாய் வாங்கினாரு. 'போதும் வே'ன்னாரு. மரியாதை தெரிஞ்ச குடும்பம்னு நினைச்சுக்கிட்டு ஏழாவது வாய் வச்சேன். 'உமக்குக் காது கேக்காதா வே'ன்னாரு. எட்டாவது. பேச வாயைத் திறந்தா வைக்கதுக்கு வசதிதான. ஒம்போதாவதுல புரையேறிட்டு. இருமுதாரு, கண்ணுல தண்ணி, முகம் சிவந்துட்டு. சிஸ்டர் வந்து முன்னால சாய்ச்சு முதுகைத் தட்டிச் சரி பண்ணினாவ.

அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டாவ. கோவப்படல. மெதுவாத்தான் பேசினாவ. 'அண்ணாச்சி, இந்த வயசுல புரையேறினா சோறு நுரையீரலுக்குப் போயிரும். அதுலயே ஆளு போனது உண்டு. நீங்க எதுக்கு இங்க வந்தீய?' என் வீட்டுக்காரிக்காகன்னேன். 'அவுகளுக்கு இப்படிப் புரையேறினா தட்டிவிட நான் அங்க இருப்பேனா?'ன்னு கேட்டாவ. 'பரீட்சை அன்னைக்கு ஆவுடையப்பன் சாருக்குத்தான் நீங்க ஊட்டணும். போதும்னு சொன்னதுக்கப்புறம் ஒரு வாய் போச்சுன்னா சர்ட்டிபிகேட் கிடையாது'ன்னுட்டாவ. அத்தோட விட்டாவளா? அன்னைக்கு சாயங்காலம் ஆவுடையப்பன் சாருக்கு வயிறு கலங்கிட்டு. ஊட்டினவருதான் அள்ளணும்னு பெட்பேனை என் கையில குடுத்துட்டாவ. நாலு தடவை. அண்டா கழுவின கைதான், எனக்கு ஒண்ணும் அருவருப்பு இல்ல. அவருக்குத்தான் கூச்சமாப் போச்சு. சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.

அப்ப எனக்கு உலகு ஞாபகம் வந்துட்டு. அவளும் அப்படித்தான் திரும்பினா.

அதுக்காக நான் மாறிட்டேன்னு நினைக்காதீய. மனசு மாறிட்டு, கைதான் மாறமாட்டேங்கு. தினமும் ஆறு வாய் ஆனதும் அவரு போதும்பாரு. என் கை தன்னால போகும். இந்தக் கையை இந்தக் கையால பிடிச்சுக்கிட்டே நிப்பேன். ஒரு நாள் பிடி வழுக்கி ரசம் அவரு சட்டையில கொட்டிட்டு. 'வே குத்தாலிங்கம், நான் பத்திர ஆபீசுல எத்தனையோ வில்லங்கம் பாத்திருக்கேன். உம்ம மாதிரி ஒண்ணைப் பாத்ததில்ல'ன்னாரு. அவருக்கு என் மேல ஒரு பிரியம். ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து பேசுவோம். பந்தியில எப்படி இலை பாக்கது, விரலு பாக்கது, எல்லாம் சொல்லுவேன். மடிச்ச இலையில ஆண்டவனே வைக்க முடியாதுன்னு சொன்னேன். 'ஓகோ, அப்படியா சங்கதி'ன்னு கேட்டுக்கிட்டாரு. உலகு கதையும் சொன்னேன். பாஸ் பண்ணலன்னா மக அனுப்பமாட்டா, நான் அந்த வீட்டுல ஒத்தையாக் கிடந்து சாவணும்னு சொன்னேன். அவரு நடுங்குத கையை என் முட்டி மேல வச்சாரு. என் முட்டியும் சேந்து நடுங்கிச்சு.

பரீட்சை வந்துச்சு. சிஸ்டர் பேப்பர், பேனாவோட நாற்காலியில உக்காந்துட்டாவ. வெளியூர்ல இருந்து ஒரு டாக்டரம்மாவும் வந்திருந்தாவ. விரிப்பு மாத்தினேன், முழு மார்க்கு. உடம்பு துடைச்சு விட்டேன், கேட்டுக் கேட்டுத் துடைச்சேன், முழு மார்க்கு. அடுத்தால ஊட்டணும்.

தட்டைக் கொண்டாந்து வச்சா, தட்டு மேல ஒரு வாழை இலை. சின்னதா நறுக்கிக் கழுவி வச்சிருக்கு. யாரு வச்சான்னு பாக்கேன். 'நான்தான் வே சமையல்காரம்மாகிட்ட கேட்டு வாங்கினேன்'னாரு ஆவுடையப்பன் சாரு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி. ஒரு தொழில்காரனை மதிக்கத் தெரிஞ்ச மனுசன் பாத்தீயளா. சோத்தை இலையில வச்சேன். சாரை நிமிர்த்தி உக்கார வச்சேன். நாடியைத் தாழ்த்தச் சொன்னேன். 'ஊட்டலாமா சாரு'ன்னு கேட்டேன். சிஸ்டர் பேனா ஓடுது.

ஒண்ணு. ரெண்டு. முழுங்கினாரான்னு பாத்துப் பாத்து வைக்கேன். அஞ்சு. ஆறு. 'போதும்'னாரு.

கை போயிட்டு தம்பி. நான் என்ன செய்ய? சோத்தை எடுத்துட்டு. பாதி வழியில நிக்குது. இந்தக் கை பிடிக்கப் போகுது, அந்தக் கை போகுது. சிஸ்டர் பேனாவை நிறுத்திட்டாவ. உலகு முகம் தெரியுது. கை இன்னும் போகுது.

ஆவுடையப்பன் சாரு குனிஞ்சாரு. நடுங்குத ரெண்டு கையாலயும் இலையோட அந்தப் பக்க விளிம்பைப் பிடிச்சாரு. நழுவிட்டு. மறுபடியும் பிடிச்சாரு. பாதி வந்து நழுவிட்டு. டாக்டரம்மா உதவிக்கு எந்திரிச்சாவ, சாரு வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. மூணாவது தடவை பிடிச்சு, மெதுவா, தன் பக்கமா மடிச்சாரு. மடிச்சு, மேல கையை வச்சு அழுத்திக்கிட்டாரு.

என் கை நின்னுட்டு தம்பி. அப்படியே கல்லு மாதிரி. முப்பத்தொம்பது வருஷப் பழக்கம், மடிச்ச இலைக்கு மேல எப்படிப் போகும்? ஸ்பூனைக் கீழ வச்சேன். 'இன்னொரு வாய் வச்சீர்னா அடுத்த இலையை அந்தப் பக்கமா மடிப்பேன், எனக்குக் கருமாதிச் சோறுன்னு வச்சுக்கிடும்'னாரு மனுசன். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காவ. சிஸ்டர் சிரிக்கல. கண்ணைத் துடைச்சுக்கிட்டே டிக் அடிச்சாவ. சர்ட்டிபிகேட் இந்தப் பையிலதான் இருக்கு. லேமினேசன் பண்ணியிருக்கு. பாருங்க. பேரு தப்பில்லாமப் போட்டிருக்காவ.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டு. ஒரு நிமிசம். எப்பா, இங்க, ரெண்டு பாக்கெட் பால்கோவா குடு. ஒண்ணு உங்களுக்கு. பையில வச்சுட்டேன், ஒண்ணும் பேசாதீய.

ஆங், எங்க விட்டேன். மகளுக்குப் போன் போட்டு பாஸ் ஆயிட்டேன்னேன். நம்பமாட்டேங்கா. சர்ட்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சிஸ்டர்கிட்டயும் பேசினா. அப்புறம் அம்மாகிட்ட குடுத்தா. ரெண்டு மாசத்துக்கப்புறம் உலகு குரலைக் கேக்கேன். இலை மடிச்ச கதையை அவகிட்ட மகளே சொல்லியிருப்பா போல. ரொம்ப நேரம் சிரிச்சா. இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.

'வாரேன், வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னா. 'வரும்போது நம்ம ஊரு வாழை இலை ஒண்ணு கொண்டாங்க. ஒண்ணு போதும்'னா. எதுக்கு உலகுன்னு கேட்டேன். 'வீட்டுல முப்பத்தாறு வருஷமா எவர்சில்வர் தட்டுலதான சாப்பிட்டேன். தட்டை மடிக்க முடியாதுல்லா'ன்னா.

பாருங்க தம்பி. கோயம்புத்தூர்ல கிடைக்காத இலையா? நம்ம ஊரு இலையில சாப்பிடணும்னு ஆசை. எவர்சில்வர் தட்டு அலுத்துப் போச்சு. ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டுட்டா, விட்டுருவேனா? காலையிலேயே தோட்டத்துக்குப் போயி அம்பது இலை வெட்டிட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கீய? ஆமா, ஒண்ணுதான் கேட்டா. அதுக்காக ஒண்ணை எப்படி...

ஒண்ணு போதும்னுதான் சொன்னா.

ஆமா.

கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. இல்ல, ஒண்ணும் இல்ல.

நான் என்ன யோசிக்கேன்னா, ஆயிரம் கல்யாணத்துல எவன் எவன் விரலையோ குனிஞ்சு குனிஞ்சு பாத்தவன் நானு. விரிஞ்சிருக்கா, ஒட்டியிருக்கான்னு. உலகு கையைக் குறுக்க நீட்டுவா, அது ஞாபகம் இருக்கு. கண்ணாடி வளையல் ஞாபகம் இருக்கு. விரலு எப்படி இருந்துச்சுன்னு யோசிக்கேன், யோசிக்கேன், வரமாட்டேங்கு. பாக்கவே இல்ல தம்பி. ஒரு நாள் கூட பாக்கல. பாவி மனுசன் நான்.

யோசிச்சுக்கிட்டே இருந்ததுல மதுரை வந்துட்டு. எந்திரிங்க, உங்க பையைப் பாத்து எடுத்துக்கிடுங்க. அந்தக் கட்டை நான் தூக்கிக்கிடுதேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல இட்லிக்கடை போட்டிருக்க அம்மா யாராவது இருந்தா குடுத்துருவேன். அவுகளுக்கு ஒரு நாள் பாடு ஓடிரும்.

இந்த டின்னுல இன்னும் முந்திரிக்கொத்து கிடக்கு, கையில ரெண்டு வச்சுக்கிடுங்க தம்பி. வேண்டாமா? எங்க, விரலைக் காட்டுங்க. ஒட்டித்தான் இருக்கு. சரி. மூடிட்டேன்.

இந்த நுனி இலை நல்லா இருக்கு, இதை உருவிக்கிடுதேன். ஒண்ணு போதும். வழியில கிழிஞ்சுட்டுன்னா என்ன செய்ய, ரெண்டா எடுத்துக்கிடுவோமா?

என்ன சிரிக்கீய. சரி தம்பி. ஒண்ணு.